ஒரு வோல்ட் போதுமா?

சட்டைப்பையில் சுருட்டி வைக்கிற சின்ன இயர்போனை லேப்டாப்பில் செருகினால் பாதி வால்யூமிலேயே காதைப் பிளக்கிறது. அதை உருவிவிட்டு, அதே துளையில் சென்ஹைசர் எச்டி 650 மாதிரி ஒரு பெரிய ஹெட்போனைச் செருகினால், பல லேப்டாப்களில் வால்யூமைக் கடைசிவரை ஏற்றிய பிறகும் வீணை ஆலாபனை சன்னமாகத்தான் கேட்கிறது. லேப்டாப் அதேதான், பாட்டும் அதேதான். ஹெட்போனின் விலை மட்டும் பல மடங்கு. கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "இதுக்குத் தனியா ஒரு ஆம்ப் வேணும் சார். டேக்கும் சேர்த்து வாங்கிட்டா நல்லது."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. எது உண்மை, எது வீண் செலவு என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் மின்னியல் தெரிந்தால் போதும்.

பாட்டுக் கோப்பு என்பது எண்களின் வரிசை. அந்த எண்களை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுவது டேக். டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர் என்ற பெயரின் சுருக்கம் அது. தமிழில் எண்-அலை மாற்றி எனலாம். மாற்றிக் கிடைத்த அலைக்கு, ஹெட்போனுக்குள் இருக்கும் கம்பிச்சுருளை அசைக்கும் வலுவைச் சேர்ப்பது ஆம்ப்ளிஃபயர், அதாவது பெருக்கி. லேப்டாப்பிலும் செல்போனிலும் இந்த இரண்டுமே ஏற்கெனவே இருக்கின்றன, பெரும்பாலும் ஒரே சில்லுக்குள். மேசை மேல் வைக்கிற பெட்டிகள் அதே வேலையை வெளியே எடுத்துச் செய்கின்றன.

முதலில் டேக். இதைப் பற்றிய கவலைகள் பெரும்பாலும் ஒரு படத்திலிருந்து பிறப்பவை. வழவழப்பான ஒரு வளைகோடு; அதன் மேல் படிப்படியாக வெட்டிய 'டிஜிட்டல்' கோடு. விலை கூடிய டேக் அந்தப் படிகளைச் சிறிதாக்கி வழவழப்பைத் திருப்பித் தருகிறது என்பது விளம்பரத்தின் வாதம். ஆனால் டேக்கிலிருந்து வெளியே வரும் அலையில் படிகளே கிடையாது. சிடி தரத்தில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் எத்தனை அலைகளை வரைய முடியும்? ஒரு நிபந்தனை போட்டால் ஒன்றே ஒன்றைத்தான் வரைய முடியும்: அலையில் 22,050 ஹெர்ட்ஸுக்கு, அதாவது அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வு எதுவும் இருக்கக் கூடாது. 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் தொட்டுக்காட்டியதை, 1933-இல் சோவியத் பொறியாளர் விளாதிமிர் கோட்டெல்னிகோவும் 1949-இல் கிளாட் ஷானனும் முழுத் தேற்றமாக நிறுவினார்கள். மனிதக் காதின் மேல் எல்லை இளமையில் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். ஆகவே காதுக்கு எட்டும் எதையும் அந்தப் புள்ளிகள் தவறவிடுவதில்லை.

கணிதம் சொன்னால் போதுமா, கருவியில் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்காக 2013-இல் கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி ஒரு காணொளி செய்தார். ஆக் வார்பிஸ் என்ற ஒலிச் சுருக்க முறையை உருவாக்கியவர் இவர். பழைய அனலாக் கருவி ஒன்றில் சைன் அலையை உண்டாக்கி, அதைக் கணினிக்குள் எண்களாக்கி, மறுபடி அலையாக்கி, அனலாக் அலைகாட்டியில் காட்டினார். திரையில் படி ஏதும் இல்லை. அதிர்வை 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி, ஓர் அலைக்கு இரண்டே சொச்சம் புள்ளிகள்தான் என்ற நிலையிலும் வளைகோடு வழவழப்பாகவே இருந்தது.

காதை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2007-இல் ஆடியோ பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. உயர் தெளிவுத் தட்டுகளை இசைக்கும்போது, நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஏற்றும் ஒரு கருவியை அவ்வப்போது நுழைத்தார்கள். எப்போது நுழைந்தது என்று கேட்பவர் சொல்ல வேண்டும். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் கிடைத்திருக்கும்.

அதனால்தான் ஆப்பிள் 9 டாலருக்கு விற்கும் யுஎஸ்பி-சி அடாப்டர் இத்துறையில் இவ்வளவு பேசப்படுகிறது. விரல் நீள வயரும் ஒரு நுனியில் 3.5 மில்லிமீட்டர் துளையும் கொண்ட அந்தச் சிறு பொருளுக்குள் ஒரு டேக்கும் ஓர் ஆம்ப்பும் அடங்கியிருக்கின்றன. அளவீட்டுக் கருவிகளில் வைத்துப் பார்த்தபோது அதன் இரைச்சலும் திரிபும் காதுக்கு எட்டாத அளவில்தான் இருந்தன. டேக்கைப் பொறுத்தவரை தொழில்நுட்பம் கரை கண்டுவிட்டது. இன்றைக்கு ஒருவர் பட்ஜெட்டைப் பிரிப்பதானால் டேக்குக்கு மிகக் குறைந்த பங்கே போதும்.

ஆம்ப் விஷயம் அப்படி ஒற்றை வரியில் முடிவதில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் புரிந்துகொள்வது சுலபம். தொட்டியின் உயரம் தரும் அழுத்தம்தான் மின்னழுத்தம், வோல்ட்டில் அளக்கிறோம். குழாயில் ஓடும் தண்ணீர் மின்னோட்டம். குழாயின் வாய் எவ்வளவு குறுகலாக இருந்து ஓட்டத்தைத் தடுக்கிறதோ அது மின்னெதிர்ப்பு. ஹெட்போன் பெட்டியில் 'இம்பீடன்ஸ்' என்று அச்சிட்டு ஓம் கணக்கில் தருவது இதைத்தான். 300 ஓம் ஹெட்போன் ஊசி வாய்க் குழாய்: தண்ணீர் கொஞ்சம் போதும், ஆனால் அழுத்தம் வேண்டும். 25 ஓம் ஹெட்போன் அகன்ற வாய்: அழுத்தம் குறைவாக இருந்தாலும் பாயும், ஆனால் தண்ணீரை அள்ளிக் குடிக்கும்.

எண்ணை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எச்டி 650-இன் மின்னெதிர்ப்பு 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி தரும் என்று நிறுவனம் சொல்கிறது. அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் வெறும் 3.3 மில்லி ஆம்பியர். சீனத்து ஹைஃபைமேன் நிறுவனத்தின் எச்இ400எஸ்இ வேறு ரகம். கம்பிச்சுருளுக்குப் பதிலாக, மேலே மின்தடம் படிந்த மெல்லிய படலம் ஒன்று காந்தங்களுக்கிடையே முழுப் பரப்போடும் அசைகிறது. மின்னெதிர்ப்பு 25 ஓம், உணர்திறன் 91 டெசிபல். இதை ஒரு மில்லிவாட்டுக்கு என்று வைத்துக் கணக்கிட்டால், அதே 103 டெசிபலுக்கு 0.63 வோல்ட் போதும். மின்னோட்டமோ 25 மில்லி ஆம்பியர் வேண்டும். முன்னதைப் போல ஏழு மடங்குக்கு மேல். 'ஓம் கூடினால் ஆம்ப் வேண்டும், குறைந்தால் வேண்டாம்' என்று கடைகளில் சொல்லும் விதி இந்த இடத்தில் உடைந்துபோகிறது. ஓமையும் உணர்திறனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, 103 டெசிபல் என்பது எவ்வளவு சத்தம்? உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். அதைவிட 23 டெசிபல் கூடுதல் இது. ஆனால் இசையில் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி பெரியது. தாளம் ஓங்கி விழும் ஒரு கணத்துக்கு, சராசரியைப் போலப் பத்து மடங்கு மின்னழுத்தம், அதாவது 20 டெசிபல் கூடுதலாகத் தேவைப்படலாம். சராசரி 83 டெசிபலில் கேட்பவருக்கு உச்சங்கள் 103-ஐத் தொடும். அதற்கு எச்டி 650 கேட்பது அந்த ஒரு வோல்ட்தான். சராசரி நேரத்தில் அதற்குள் போகும் திறனைக் கணக்கிட்டால் ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் 33 பங்கு. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடும் '1000 மில்லிவாட்'டோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், கூவி விற்கப்படும் சக்தியில் எவ்வளவு சிறிய துளி உண்மையில் செலவாகிறது என்பது விளங்கும்.

முன்சொன்ன 9 டாலர் அடாப்டர் தருவதும் ஏறக்குறைய 1 வோல்ட். ஐரோப்பாவில் விற்கும் அதன் வடிவம் பாதிதான் தரும். சில ஆண்ட்ராய்டு போன்களில் செருகும்போது அமெரிக்க வடிவத்திலும் முழு வால்யூம் கிடைப்பதில்லை. வாங்குமுன் விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

தொட்டியிலிருந்து இறங்கும் பிரதான குழாயே ஒல்லியாக இருந்தால், சமையலறையில் ஒருவர் குழாயைத் திறந்ததும் குளியலறையில் ஷவர் மெலிந்துவிடும். அழுத்தம் வழியிலேயே தொலைந்துபோகிறது. ஆம்ப்புக்கும் அப்படி ஓர் உள் மின்னெதிர்ப்பு உண்டு. வெளியீட்டு மின்னெதிர்ப்பு என்று பெயர். இது கூடினால் சத்தம் மட்டும் குறைவதில்லை, பாட்டின் நிறமே மாறும். காரணம், 300 ஓம் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்லும் எண். எச்டி 650-இல் தாழ்ந்த பேஸ் பகுதியில், 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அருகே, கம்பிச்சுருள் தன் இயல்பான அதிர்வில் ஆடும்போது அது சுமார் 500 ஓம் வரை ஏறுகிறது. 1996-இல் வந்த ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரம், ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட பழைய ரிசீவர் ஒன்றில் செருகினால், 300 ஓம் உள்ள இடங்களில் அதிகமும் 500 ஓம் உள்ள இடத்தில் குறைவாகவும் அழுத்தம் தொலையும். விளைவாக பேஸ் மட்டும் சுமார் 1 டெசிபல் தூக்கலாகத் தெரியும். 'இந்த ஆம்ப்பில் ஒலி கதகதப்பாக இருக்கிறது' என்று சிலாகிப்பவர்களின் காது பொய் சொல்லவில்லை. அந்தக் கதகதப்பின் பின்னால் இருப்பது மந்திரச் சில்லு இல்லை, மின்தடைக் கணக்கு. ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாத வெளியீட்டு மின்னெதிர்ப்பு இருந்தால் கவலை இல்லை என்பது பழகிவந்த கைக்கணக்கு. 32 ஓமுக்கு 4 ஓம்.

இதையெல்லாம் பொதுவெளிக்குக் கொண்டுவந்து விலைகளை இறக்கியதில், 'நார்த்வெஸ்ட் ஏவி கை' என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளருக்கு முக்கியப் பங்குண்டு. இன்றுவரை அவர் யாரென்று உலகுக்குத் தெரியாது. சிறிய நிறுவனங்கள் விற்கும் ஆம்ப்களை அளவீட்டுக் கருவியில் ஏற்றி, கவர்ச்சியான பெட்டிக்குள் இருக்கும் குறைகளை எண்களோடு வெளியிட்டார். குறை சொன்னால் மட்டும் போதாது என்று 2011-இல் ஓ2 என்ற ஆம்ப்பை வடிவமைத்து, அதன் சுற்றுப்படத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். அவர் அளவுகோலாக வைத்தது ஆயிரம் டாலரைத் தாண்டிய பெஞ்ச்மார்க் டேக்-ஆம்ப். ஓ2-வின் வெளியீட்டுப் பகுதியில் இருந்தவையோ என்ஜேஎம்4556 என்ற, ஆடியோ பிரியர்கள் ஏறெடுத்தும் பாராத மலிவான சில்லுகள். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில் ஓடும். வெளியீட்டு மின்னெதிர்ப்பு அரை ஓம் அளவுதான். 2012-இன் நடுவில் அவர் எழுதுவது நின்றுபோனது. அவருடைய வடிவமைப்பைப் பெட்டியில் போட்டு விற்ற ஜேடிஎஸ் லேப்ஸ், 2018-இல் ஆட்டம் என்ற சொந்த ஆம்ப்பை 99 டாலருக்குக் கொண்டுவந்தது. சீன நிறுவனங்களும் போட்டியில் இறங்கிவிட்டதால், இன்று அதே விலைக்குள் இரைச்சலோ திரிபோ காதில் படாத ஆம்ப்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பெட்டி வாங்கியாயிற்று. இனி இணைப்பு. மலிவான மேசைக் கருவிகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அந்தத் தடுமாற்றத்துக்குக் கருவியின் தரமும் காரணமில்லை.

லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வயர் டேக்குக்கு. டேக்கின் முதுகிலிருந்து வெள்ளை, சிவப்பு என்ற இரண்டு ஆர்சிஏ வயர்கள் ஆம்ப்புக்கு. ஆம்ப்பின் முகப்பிலிருந்து ஹெட்போன். வெள்ளை இடம், சிவப்பு வலம். எல்லாம் சரியாக இருந்தும், பாட்டில்லாத நேரத்தில் காதில் மெல்லிய 'கீ…' என்ற ஒலி. மவுஸை நகர்த்தினால் அதன் சுருதி மாறுகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் சட்டென்று மறைகிறது.

இந்தக் கடைசித் தகவலில்தான் குற்றவாளி சிக்குகிறார். லேப்டாப் சார்ஜரும் ஆம்ப்பின் அடாப்டரும் சுவர் வழியாக ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. யுஎஸ்பி வயரின் உறையும் ஆர்சிஏ வயரின் உறையும் இன்னொரு பாதையில் அவற்றையே இணைக்கின்றன. ஆக ஒரு மூடிய வளையம் உண்டாகிறது. கிரவுண்ட் லூப், தமிழில் புவியிணைப்பு வளையம். கணினியின் உள்ளிரைச்சல் இந்த வளையத்தில் சுற்றிவந்து, ஆம்ப்பின் நுழைவாயிலில் இசையோடு இசையாகக் கலந்துவிடுகிறது. இரைச்சலின் சுருதியே அது எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுக்கும். தாழ்ந்த 'ம்ம்' என்றால் மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். கூர்மையான கீச்சு என்றால் யுஎஸ்பி: பழைய வேகத்தில் மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது 1,000 ஹெர்ட்ஸில் தரவுப் பொட்டலம் போகிறது, அதிவேகத்தில் 125 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை, அது 8,000 ஹெர்ட்ஸ். இரண்டுமே காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் இருப்பவை.

இதற்காகச் சிலர் விலையுயர்ந்த யுஎஸ்பி வயர் வாங்குகிறார்கள். அதில் போவது எண்கள். எண் வழியில் பிசகாமல் வந்து சேர்ந்தால் போதும், வயரின் விலை அதன் மதிப்பைக் கூட்டாது. எண்கள் வரும் வேகம் சீராக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் வழி வந்து வெகுநாளாகிறது. இன்றைய டேக்குகள் தமக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தின்படிதான் ஓடுகின்றன. எண்களை இன்னும் வேகமாக அனுப்பு, கொஞ்சம் நிதானமாக அனுப்பு என்று கணினிக்கு அவையே கட்டளை தருகின்றன. 'அசிங்க்ரனஸ்' என்று அட்டையில் போட்டிருப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

வளையத்தை வெட்டினால்தான் கீச்சு போகும். கணினியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதுவே உத்தமம்: தோஷிபா 1983-இல் அறிமுகப்படுத்திய டாஸ்லிங்க் வயரில் மின்சாரமே போவதில்லை, சிவப்பு ஒளி மட்டும்தான். அது இல்லையென்றால், டேக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் அமைந்து யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் கருவி. அங்கே சுவருக்குப் போகும் இரண்டாவது பாதை கிடையாது. எல்லா அடாப்டர்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதும் பல வீடுகளில் பலன் தருகிறது. ஆனால் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் ஒருபோதும் கேட்கக் கூடாது. சத்தம் போகலாம்தான். உள்ளே ஏதாவது பழுதாகி உலோகப் பெட்டியில் மின்சாரம் ஏறினால் அதை மண்ணுக்கு இறக்கும் ஒரே வழியும் கூடவே போய்விடும். ஹெட்போன் என்பது தலையில் மாட்டும் பொருள்.

அடுத்தது வால்யூம் குமிழ். டேக் பின்பக்கத்திலிருந்து தருவது வழக்கமாக 2 வோல்ட். அதை ஆம்ப் 'ஹை கெயின்' நிலையில் இன்னும் பெருக்கினால், கூருணர்வுள்ள இயர்போனுக்குக் குமிழை எட்டு மணி நிலைக்கு மேல் திருப்பவே முடியாது. மலிவான குமிழ்களில் இடம், வலம் இரண்டு பக்கமும் அந்தத் தொடக்கப் பகுதியில் ஒத்துப்போவதில்லை. பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவார். 'லோ கெயின்' பொத்தானை அழுத்தி, கணினியின் வால்யூமை 100-இல் வைத்து, குமிழை நடுப்பகுதியில் வைத்துக் கேட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஹெட்போனை மாற்றும் ஒவ்வொரு முறையும் குமிழை இறக்கிவிட்டுச் செருகுவது காதுக்கு நல்லது.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டு வாங்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரை டெசிபல் சத்தம் கூடினால் அதைச் சத்தம் என்று மூளை உணர்வதில்லை; 'தெளிவு', 'உயிர்ப்பு' என்றே உணர்கிறது. அதனால் இரண்டின் வெளியீட்டையும் மல்டிமீட்டரில் அளந்து, 0.1 டெசிபலுக்குள், அதாவது மின்னழுத்தத்தில் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது 99 டாலர் ஆம்ப்புக்கும் 999 டாலர் ஆம்ப்புக்கும் இடையே சொன்ன வேறுபாடுகள் பெரும்பாலும் கரைந்துபோகின்றன.

ஹெட்போன்களிடையே அவை கரைவதில்லை. ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் சில அதிர்வெண்களில் 5, 10 டெசிபல் வேறுபாடு சர்வசாதாரணம். அதுவும் விலைப்படி அமைவதில்லை. யெரோன் பிரெபார்ட் 2017-இல் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அலசி, விலைக்கும் அதிர்வெண் நடத்தைக்கும் தொடர்பேதும் காணவில்லை என்று எழுதினார். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் செய்த கேட்புச் சோதனைகளில், பெரும்பாலான காதுகள் ஏறக்குறைய ஒரே விதமான ஒலிச் சமநிலையை விரும்பின: நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் தரும் சமநிலை. அந்த இலக்கிலிருந்து தன் ஹெட்போன் எங்கே விலகுகிறது என்று தெரிந்தால், ஈக்வலைசர் ஏபிஓ போன்ற இலவச மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம்.

எச்டி 650 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாடும் குரலும் வயலினும் அதில் அருமையாக ஒலிக்கின்றன. ஆழ்ந்த பேஸ் மட்டும் சரிந்துவிடுகிறது. பேஸ் கிடாரின் தடித்த தந்தி அதிர்வது 41 ஹெர்ட்ஸில். அந்தப் பகுதியை மென்பொருளில் 6 டெசிபல் தூக்கினால், எண்கள் உச்ச எல்லையைத் தாண்டிக் கரகரக்காமல் இருக்க மொத்த ஒலியையும் 6 டெசிபல் இறக்கியாக வேண்டும். முன்பு 1 வோல்ட் கிடைத்த இடத்தில் இப்போது அரை வோல்ட். பழைய ஒலிப்பதிவு ஒன்று சன்னமாகப் பதிவாகியிருந்தால் இன்னும் 10 டெசிபல் போய்விடும். 9 டாலர் அடாப்டர் இங்கே கைவிரித்துவிடும். 99 டாலர் மேசை ஆம்ப் 5 வோல்ட்டுக்குக் குறையாமல் தருகிறது. 1 வோல்ட்டைவிட அது 14 டெசிபல் கூடுதல். இழந்த 16-இல் 14-ஐ அது மீட்டுத் தருகிறது. ஈக்வலைசர் போட்டு, அடங்கிய பதிவுகளைப் பெரிய ஹெட்போனில் கேட்பவருக்கு அந்தப் பெட்டி நியாயமான செலவு. மற்றவர்கள் அந்தப் பணத்தையும் ஹெட்போனிலேயே போடலாம்.